மேல்நோக்கி உதிரும் பூ

"கொஞ்சம் இடது பக்கம்" என்கிறாள் அம்சவேணி. அவளுடைய இடதா, என்னுடைய இடதா என்று கேட்கலாம். கேட்டால் மூச்சு செலவு. அதனால் தெர்மகோல் அட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருமுறை சாய்த்துக் காட்டி, அவள் "ம்" என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டேன். முப்பத்தொரு வருஷம் உறையூரில் ஸ்டுடியோ வைத்திருந்தவன் நான். எத்தனை ஆயிரம் பேரை இடது பக்கம் திரும்பச் சொல்லியிருப்பேன், நாடியை இறக்குங்க, தோளைத் தளர்த்துங்க, கண்ணைச் சிமிட்டிடாதீங்க என்று. இப்போது என் பெண்டாட்டி கேமராவுக்குப் பின்னால் நிற்கிறாள், நான் வெளிச்சத்தைத் திருப்பிவிடுகிற அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நிற்கிறேன் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு. கேமரா என்னுடையது. லென்ஸ் என்னுடையது, கல்யாணப் பெண்களின் மருதாணிக் கையையும் மோதிரத்தையும் கிட்டத்தில் எடுப்பதற்காக நான் வாங்கியது. பின்னால் தொங்குகிற கறுப்பு வெல்வெட் என் ஸ்டுடியோத் திரை. மேஜைமேல் இருக்கிற மீன் தொட்டிகூட நான் வாங்கியதுதான், மீனெல்லாம் செத்த பிறகு பால்கனியில் கவிழ்ந்து கிடந்தது. எல்லாம் என்னுடையது, படம் மட்டும் அவளுடையது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐந்து. பன்னிரண்டு மணிக்குள் நான் அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால் அவள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் பன்னிரண்டு தானாக வந்து தானாகப் போய்விடும், யார் வாயும் நோகாது.

தொட்டிக்குள் ஒரு பன்னீர் ரோஜா. கடையில் விற்கிற விறைப்பான ரோஜா அல்ல, வெளிர் சிவப்பில் தளதளவென்று இருக்குமே, தொட்டால் உதிர்கிற நாட்டு ரோஜா, அது. கல்யாண மாலையிலும் அதுதான், பாடையிலும் அதுதான். காம்பில் மீன்பிடி நரம்பைக் கட்டி, அடியில் ஒரு கூழாங்கல்லில் முடிந்து, தண்ணீருக்குள் நிற்க வைத்திருக்கிறாள். மின்விசிறியை நிறுத்திவிட்டாள், தண்ணீர் அசையக்கூடாது என்று. எனக்குக் கழுத்தில் வியர்வை ஓடுகிறது. பூவுக்கு வியர்க்காது. இதழ்மேல் குமிழி கட்ட ஆரம்பித்துவிட்டது. குழாயிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரில் காற்று கலந்திருக்கும், வைத்துக் கொஞ்ச நேரம் ஆனால் அந்தக் காற்று மணி மணியாக வெளியே வந்து எது கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீருக்குள் படம் எடுக்கிறவன் முதலில் கற்றுக்கொள்வதே அதை எப்படித் தடுப்பது என்றுதான். ஒரு பேனாக் கம்பெனிக்காக நான் தண்ணீருக்குள் பேனாவைப் போட்டு எடுத்திருக்கிறேன், தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, ஒரு நாள் முழுக்க மூடி ஆறவைத்து, தப்பித்தவறி வந்த ஒன்றிரண்டு குமிழியையும் வண்ணத்தூரிகையால் தொட்டுத் தொட்டு விரட்டி. அம்சா முதல் முதலாகத் தொட்டியைக் கழுவித் தண்ணீர் ஊற்றியபோதே சொன்னேன். "கொதிக்க வெச்சு ஆற வெக்கணும். இல்லன்னா பூவெல்லாம் குமிழி அப்பிக்கும், படம் கெட்டுப் போயிடும்" என்றேன். குழாயை மூடிக்கொண்டே "அப்பிக்கட்டுமே" என்றாள். அப்பிக்கட்டுமே. தொழில் தெரியாத ஒருத்தியின் தப்பு அது. அந்தத் தப்பைத்தான் ஊர் முழுக்கத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது.

தப்பு என்று நான் சொல்லிக்கொள்கிறேன். அது தப்பில்லை என்று எனக்குத் தெரியும், அதுதான் வயிற்றெரிச்சல். அவளுக்கு அந்தக் குமிழி எங்கிருந்து கிடைத்தது என்றும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து என்னையும் இந்த ஆக்சிஜன் மெஷினையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய நுரையீரல் எனக்குத் தழும்பேறிக் கெட்டிப்பட்டுக்கொண்டு வருகிறதாம். மருந்து வேகத்தைக் குறைக்கும், திருப்பாது என்றார் டாக்டர். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு, இரண்டு மூன்று வருஷம் நல்லா இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார். மெஷினில் ஒரு தண்ணீர்ப் புட்டி உண்டு. காற்று அதற்குள் புகுந்து குமிழி குமிழியாக ஏறி, ஈரமாகி, குழாய் வழியாக என் மூக்குக்கு வரும். முதல் வாரம் அம்சா என் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்க்கவில்லை, அந்தப் புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குமிழி வந்தால் நான் இருக்கிறேன் என்று அர்த்தம். ஒரு நாள் காலையில் தலையிலிருந்து விழுந்த ஒரு நந்தியாவட்டையைப் புட்டிக்குப் பக்கத்தில் இருந்த தம்ளர் தண்ணீரில் போட்டாள். வெறுமனே போட்டாள் என்றுதான் நினைத்தேன். அரைமணி நேரம் குனிந்து அதையே பார்த்தாள். அப்புறம் எழுந்து போய் என் கேமராப் பையைத் திறந்தாள், கேட்காமல். என் மூச்சைத்தான் எடுத்துப் பூவுக்குக் கொடுத்தாள். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். நோயாளிக்குப் புத்தி இப்படித்தான் போகும் என்பார்கள்.

கை வலிக்கிறது. அட்டை என்ன எடை இருக்கும், அப்பளக்கட்டு அளவு இருக்குமா, அதற்கே வலிக்கிறது. இறக்கினால் பூவின் கீழ்ப்பாதி இருண்டுவிடும், எனக்கே தெரியும், அவள் சொல்ல வேண்டியதில்லை. "பூக்கள் மூச்சு விடுகின்றன" என்று பேப்பரில் போட்டிருந்தான். போன மாசி மாதம் இங்கே ஒரு மண்டபத்தில் முப்பது படம் மாட்டினார்கள். நானும் போனேன், கையடக்க சிலிண்டரோடு, வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். வந்தவர்கள் என் காலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள், செருப்பு ஸ்டாண்டைச் சுற்றிப் போகிற மாதிரி. சிறப்பு விருந்தினர் பேசினார், வாழ்க்கையின் நிலையாமை என்றார், நீர்மேல் எழுத்து என்றார், "மரணத்தின் விளிம்பில் நின்று பார்த்தவரின் கண்கள்" என்றார். அடுத்த நாள் பேப்பரிலும் அதே வரி. விளிம்பில் நின்று பார்த்தவர். சரி, அவள் நின்று பார்த்தாள், விளிம்பில் உட்கார்ந்திருக்கிறவன் யார்? ஒரு அம்மாள், நல்ல பட்டுப்புடவை, அம்சாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கண் கலங்க "எவ்வளவு வலி அனுபவிச்சிருந்தா இப்படி வரும்" என்று கேட்டாள். அம்சா தலையைக் குனிந்துகொண்டாள். வலி அவருக்குத்தாம்மா, அதோ உட்கார்ந்திருக்கிறாரே அவருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கால் வீங்கியிருந்தது, வெந்நீரில் துண்டைப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தாள், அரைமணி நேரம். அப்போதாவது சண்டை போட்டிருக்கலாம். ஒத்தடம் கொடுக்கிறவளோடு எப்படிச் சண்டை போடுவது?

விளிம்பில் நின்று. அந்த வரி என்னை விட்டுப் போகாது போலிருக்கிறது, பல்லிடுக்கில் நார் மாட்டின மாதிரி நாக்கு அங்கேயே போகிறது. சாவு எனக்கு, பேர் அவளுக்கு. இப்படி நினைக்கிறவன் அற்பன், தெரியும். அற்பன்தான். சாகப்போகிறவன் பெரிய மனசோடு இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? இருமல் வருகிறது. அடக்கு. இருமினால் மேஜை ஆடும், மேஜை ஆடினால் தண்ணீர் ஆடும், இருபது நிமிஷமாகச் சேர்ந்த குமிழியெல்லாம் பொலபொலவென்று மேலே போய்விடும், அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், "பரவால்லங்க" என்பாள், அந்தப் பரவாயில்லை கன்னத்தில் அறைவதைவிட மோசம். எச்சிலை விழுங்கு. இன்னொரு முறை. போய்விட்டது. பதினொன்று இருபது. அவள் கண்ணை வியூஃபைண்டரில் வைத்திருக்கிறாள், கீழுதட்டை உள்ளே மடித்துக் கடித்திருக்கிறாள். பத்து வருஷமாக எனக்கு அந்த உதடு தெரியாது. இருபது வருஷமாகவே தெரியாது என்று வைத்துக்கொள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து பஸ் பிடித்துப் பூ மார்க்கெட்டுக்குப் போய், கூடை கூடையாகக் கொட்டிக் கிடக்கிற இடத்தில் ஒரே ஒரு பூவைத் தேடி எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வருகிறாள். எனக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் புறங்கையால் நெற்றியைத் தொடுவாள், தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி. பூவை அப்படித் தொடுவதில்லை. ஒரு பூவைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஐம்பத்தெட்டு வயது ஆம்பளை உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

நேற்றுச் சாயங்காலம் அவள் மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். மணி அடித்தது, எடுத்தேன். கொச்சியிலிருந்து ஷீபா என்று ஒரு பெண், மலையாளம் கலந்த தமிழ். "மேடத்தோட படங்கள் கண்டு சார், எல்லாருக்கும் வளரே இஷ்டம்" என்றாள், ரொம்பப் பிடித்துப்போனதாம். கடலோரத்தில் அவர்களுக்கு ஒரு பழைய கிடங்கு இருக்கிறதாம், அதில் நாலு பேருக்கு மட்டும் இடம், மூன்று மாதம் அங்கேயே தங்கி வேலை செய்து கடைசியில் பெரிய கண்காட்சி. ஒருத்தர் வரமுடியவில்லை, அந்த இடம் மேடத்துக்கு. அடுத்த திங்கட்கிழமை வரவேண்டும். "நாளை பன்னெண்டு மணிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லணும் சார். இல்லெங்கில் லிஸ்ட்ல அடுத்த ஆளை விளிக்கணும்." சொல்லிவிடுகிறேன் என்றேன். நல்ல குரலில்தான் சொன்னேன். போனை வைத்தேன். அப்புறம் என் கட்டைவிரல் அந்த அழைப்பைத் தேடி அழித்தது. என் கட்டைவிரல் என்கிறேன், ஏதோ அது தனி ஆள் மாதிரி. நான்தான் அழித்தேன். அம்சா வந்து மாத்திரைகளை டப்பாவில் அடுக்கினாள், திங்கள், செவ்வாய், புதன் என்று. யாராவது கூப்பிட்டாங்களா என்று கேட்டாள். கேட்காமல் இருந்திருந்தால் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. "யாரும் இல்லையே" என்றேன். மூன்று மாதம். மூன்று மாதம் என்பது உங்களுக்கு ஒரு பள்ளிக்கூடப் பருவம், ஒரு மழைக்காலம். எனக்கு மொத்தமே எத்தனை மூன்று மாதம் பாக்கி? போன வாரம் டாக்டர் என்னை வராந்தாவில் ஆறு நிமிஷம் நடக்க வைத்தார், நாலாவது நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டேன், அவர் அதைக் குறித்துக்கொண்டார். திருப்பூரிலிருந்து மகள் வந்து கூட்டிக்கொண்டு போவாள், நன்றாகத்தான் பார்த்துக்கொள்வாள், மாப்பிள்ளையும் நல்லவர்தான். ஆனால் நடுவில் ஒருநாள் முடிந்துவிட்டால்? அம்சா அங்கே கடலோரத்தில் ஏதோ ஒரு பூவுக்கு முன்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். செய்தி போகும், வருவாள், அழுவாள். அப்புறம் அதைப் பற்றியும் ஒருத்தன் எழுதுவான், நான் செத்ததும் அவள் படத்துக்கு ஆழம் கூடியது என்று. செத்தும் நான் அட்டை பிடிக்க வேண்டும்.

"ஒரு இதழ் கழலுது பாருங்க" என்கிறாள், என்னிடமா தன்னிடமா தெரியவில்லை. பார்த்தேன். வெளியிதழ் ஒன்று, அடியில் குமிழிகள் சேர்ந்து சேர்ந்து நெம்ப, காம்போடு ஒட்டியிருந்த இடத்தில் விடுபட்டு, ஒரு கணம் என்ன செய்வது என்று யோசிக்கிற மாதிரி நின்று, மேலே போனது. தண்ணீருக்குள் உதிர்வது கீழே விழாது, மேலே ஏறும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, அவளிடம் சொல்லவில்லை. டக், டக், டக். மூன்று படம். அதில் ஒன்று மிக நன்றாக வந்திருக்கும், சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன், தயங்காமல் அழுத்தினாள். எப்படித் தெரிகிறது இவளுக்கு? ஸ்டுடியோவின் பின் அறையில் பதினைந்து வருஷம் உட்கார்ந்து நெகட்டிவில் பென்சிலால் முகங்களைத் திருத்தியவள். பருவை எடு, அம்மைத் தழும்பை எடு, கண்ணுக்குக் கீழே சுருக்கத்தை எடு. கல்யாணப் பெண்களெல்லாம் என் படத்தில் அழகாக இருந்தார்கள் என்று ஊரெல்லாம் சொன்னது, குலசேகர் சார் எடுத்தா கருவாச்சியும் ரதிதான் என்று. அவர்களை ரதியாக்கியது பின் அறை. ஒருத்தரும் பின் அறைக்குள் எட்டிப் பார்த்து உனக்கு எவ்வளவு கண் வலித்திருக்கும் என்று தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் முக்கொம்புக்குப் போயிருந்தோம், மதகுப் பாலத்தில் நின்றுகொண்டு "என்னை ஒண்ணு எடுங்களேன்" என்றாள், ஃபிலிமில் இன்னும் நாலு இருந்தது, மறுநாள் ஒரு காதுகுத்துக்கு வேண்டும் என்று ரோல் முடிஞ்சிடுச்சு என்றேன். அவள் அன்றைக்கு என்ன நினைத்தாள்? அந்தக் காதுகுத்துக் குழந்தையைப் பார்த்து, அலங்காரம் பண்ணிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்த ஒவ்வொருத்தியையும் பார்த்து, இவளுக்கும் வயிறு எரிந்திருக்குமோ? எரிந்திருந்தாலும் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு அவர்கள் முகத்தைத்தானே அழகாக்கினாள். நான் அழைப்பை அழித்தேன்.

பதினொன்று முப்பத்தைந்து. சொல்லிவிடலாம். சொல்வதற்கு என்ன, அம்சா, நேத்து கொச்சியிலேர்ந்து போன். ஆறு ஏழு மூச்சு ஆகும். ஏன் நேற்றே சொல்லவில்லை என்பாள். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், நோயாளி மறக்கலாம், நோயாளிக்கு எல்லாவற்றுக்கும் மன்னிப்பு உண்டு. இல்லை, சொல்ல வேண்டாம். அவள் போகமாட்டாள், உங்களை விட்டுட்டு எப்படிப் போறது என்பாள், அப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம், மனக்கஷ்டம்தான். இப்படியும் வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு நல்லவனாக யோசிக்கிறேன் பார். அவள் போகமாட்டாள் என்று நினைக்கும்போது சந்தோஷமாக இருக்கிறது. அடுத்த நிமிஷம், போகமாட்டாள் என்றால் அதுவும் என் மூச்சுக் குழாய்க்காகத்தானே, எனக்காக இல்லையே என்று இருக்கிறது. நான் நன்றாக இருந்தால் போவாளா, போகமாட்டாளா? அதை யாரிடம் கேட்பது? "ஐயோ" என்றாள் அம்சா. நரம்பு முடிச்சு நழுவிவிட்டது. பூ மெதுவாக ஒருக்களித்து, கல்லை விட்டு மேலே வரத் தொடங்கியது. அவள் கேமராவை விடமுடியாமல், பூவையும் விடமுடியாமல், என்னைப் பார்த்து, "ஏங்க, அட்டைய வெச்சிட்டு கைய உள்ள விடுங்க. காம்பைப் பிடிங்க. மெதுவா, மெதுவா" என்றாள்.

விட்டேன். முழங்கை வரைக்கும் ஜில்லென்று ஏறியது. காம்பை இரண்டு விரலால் பிடித்துக் கீழே இறக்கி நிறுத்தினேன், முள் ஒன்று கட்டைவிரலில் அழுத்தியது. "அப்படியே" என்றாள். அப்படியே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் என் கைமயிரிலும் நகக்கண்ணிலும் குமிழிகள் உட்கார ஆரம்பித்தன, தோலில் எறும்பு ஊர்வது போலக் கூச்சம். டக் என்றது. நான் பூவைப் பார்த்தேன், பூவில் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி டக். லென்ஸ் எங்கே பார்க்கிறது என்று முப்பத்தொரு வருஷம் பார்த்தவனுக்குத் தெரியாதா? அது பூவுக்கு ஒரு சாண் கீழே பார்க்கிறது. என் கையைப் பார்க்கிறது. ஊசி குத்திக் குத்திக் கறுத்த மணிக்கட்டை, நீலம் பாய்ந்து உருண்டுபோன என் நகங்களை. "ஆட்டாதீங்க" என்று ரகசியம் போலச் சொன்னாள். இரண்டு வருஷமாக நான் ஏங்கியது இதற்குத்தானே, வெட்கமில்லாமல் ஒரு பூவோடு போட்டி போட்டது இதற்குத்தானே. அப்பா, என்னைப் பார்க்கிறாள் என்று நெஞ்சு நிறைந்துகொண்டு வந்தது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். கீழுதடு உள்ளே மடிந்திருந்தது. கண் இமைக்கவில்லை. அவசரம் தெரிந்தது அந்த முகத்தில், கைநடுக்கம் வராத, சத்தம் போடாத அவசரம், இது போய்விடும், இப்போதே எடுத்துவிட வேண்டும் என்கிற அவசரம். இத்தனை நாளும் பூவுக்கு விழுந்த பார்வை அதுதான். அது ஆசையின் பார்வை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உதிரப் போகிறது என்று தெரிந்துவிட்ட ஒன்றைத்தான் அவள் அப்படிப் பார்க்கிறாள். எனக்குப் பயம் வந்தது. டாக்டர் பேனாவை மூடினபோது வராத பயம். நான் போவதை இவள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறாள், இரண்டு வருஷமாக, தினம் ஒரு பூவாக, கண்ணை எடுக்காமல்.

"அம்சா" என்றேன். "ம்" என்றாள், கண்ணை எடுக்காமல். "நேத்து கொச்சியிலேர்ந்து ஷீபான்னு ஒருத்தங்க போன் பண்ணாங்க." "ம்." "உன்னை மூணு மாசம் வரச் சொல்றாங்க. அங்கேயே தங்கி படம் எடுக்க. அப்புறம் கண்காட்சி." டக் என்ற சத்தம் நின்றது. கேமராவிலிருந்து கண்ணை மட்டும் எடுக்கவில்லை. "எப்ப சொல்லணுமாம்?" "இன்னிக்கு. பன்னண்டு மணிக்குள்ள." அவள் கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன், பதினொன்று ஐம்பது. "கைய எடுக்காதீங்க" என்றாள். டக். டக். எனக்குப் புரிந்தது. பன்னிரண்டு ஆகட்டும் என்று விடுகிறாள். இந்தக் கை தண்ணீருக்குள் இப்படியே இருக்கிற வரைக்கும் பன்னிரண்டாவது ஒன்றாவது, அவள் நகரமாட்டாள். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும், அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள், எனக்கு வேண்டியது கிடைத்துக்கொண்டே இருக்கும். ஒரு நிமிஷம் அப்படி இருந்தேன். உண்மையைச் சொன்னால் இரண்டு நிமிஷம். அப்புறம் கையை வெடுக்கென்று வெளியே இழுத்தேன். தண்ணீர் மேஜையெல்லாம் வழிந்து, அட்டையை நனைத்து, தரையில் கொட்டியது. பூ சடசடவென்று இதழெல்லாம் விட்டு மேலே வந்து மிதந்தது.

"என்ன பண்றீங்க!" என்று கத்தினாள். அப்படி அவள் கத்திக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. "போய்ப் பேசு" என்றேன், "மணியாகுது." "நேத்து வந்த போனை இப்ப சொல்றீங்க. ஏன் நேத்தே சொல்லல? கேட்டேன்ல, யாராவது கூப்பிட்டாங்களான்னு வாயத் தொறந்து கேட்டேன்ல?" மறந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. "அழிச்சிட்டேன்" என்றேன். "நீ போயிடுவேன்னு பயந்து அழிச்சிட்டேன். உன் மேல எனக்குப் பொறாமை, அம்சா." அவள் என்னையே பார்த்தாள். கீழுதடு மடியவில்லை, அவசரம் இல்லை, கோபத்தில் மூக்கு நுனி சிவந்து விடைத்திருந்தது. "மனுஷனா நீங்க? இந்த வயசுல, இந்த உடம்ப வெச்சுகிட்டு, இது ஒண்ணுதான் கொறச்சலா உங்களுக்கு? முப்பது வருஷமா உங்க கூட குப்பை கொட்டினதுக்கு நல்லா செஞ்சீங்க!" இன்னும் நிறையச் சொன்னாள். எனக்கு மூச்சு வாங்கியது, ஆனால் இன்னும் கொஞ்சம் திட்டினால் தேவலை என்றிருந்தது. நாளைக்கும் நாளை மறுநாளும் இருக்கப்போகிற ஆளைத்தான் ஒருத்தி இப்படித் திட்டுவாள். கையில் தெறித்த தண்ணீரைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள், கதவைச் சாத்தாமல். நம்பரைத் தேடினாள். மாசிக் கண்காட்சிக்குப் பிறகு கொச்சியிலிருந்து வந்திருந்த பாராட்டுக் கடிதம் ஒன்றில் இருந்தது போல, காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது. பதினொன்று ஐம்பத்தேழு. "ஷீபா மேடமா? நான் திருச்சியிலேர்ந்து அம்சவேணி பேசறேன்." எனக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது. "ஆமாங்க, சொன்னாரு." எப்போது சொன்னார் என்று அவள் சொல்லவில்லை. அந்தப் பக்கம் ஷீபா நிறையப் பேசினாள். அம்சா "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மாதம், தங்குமிடம், திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஷீபா மறுபடி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அவள் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். இந்த வீட்டில் கரண்டுக்காரன் வந்து மீட்டரைப் பார்க்க வேண்டும் என்றாலும் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன் என்பவள் அவள். கேட்டால் போ என்று சொல்லத்தான் கையை எடுத்தேன், சொல்லவும் தயாராக இருந்தேன், வாயில் வைத்திருந்தேன். "வர்றேங்க" என்றாள் அம்சா. "திங்கக்கெழம வந்துடறேன்."